ஐந்தாவது சுற்றிலும் அதே வேகம்: சாலைக்கும் ரேஸ் டிராக்குக்கும் எந்த சூப்பர்சார்ஜர்?

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே டயர். ஒன்றில் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி), மற்றதில் சென்ட்ரிஃபியூகல் வகை. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தால் இரண்டும் 225 குதிரைத்திறன் காட்டுகின்றன. ஆனால் ஓட்டிப் பார்த்தவர் யாரும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டார். சிக்னலில் இருந்து கிளம்பும்போது முதல் கார் பாயும். இரண்டாவது சாதாரண கார் போலவே நகரும். டிராக்கில் ஐந்தாவது சுற்றுக்கு வரும்போது நிலைமை தலைகீழாகவும் ஆகலாம்.

அதனால் உச்சத் திறனை மட்டும் பார்த்து சூப்பர்சார்ஜரைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பூஸ்ட், அதாவது வழக்கத்துக்கு மேல் ஏறும் காற்றழுத்தம், எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை எஞ்சின் சுற்றில்) கிடைக்கிறது, அதோடு எவ்வளவு சூடு சேர்ந்து வருகிறது என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடிப்படை எளிமையானது. நான்கு ஸ்ட்ரோக் 2 லிட்டர் எஞ்சின், கிராங்க் எனும் அதன் சுழல்தண்டு ஒரு சுற்று சுற்றும்போது சுமார் 1 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதே ஒரு சுற்றில் ஒன்றரை லிட்டர் காற்றைப் பிடித்து உள்ளே தள்ளினால், இடம் போதாமல் அழுத்தம் ஏறுகிறது. காற்று அடர்த்தியாகிறது, அதற்கேற்ப பெட்ரோலும் கூடுதலாக எரிகிறது. இதற்கான சக்தியை டர்போ புகைபோக்கி வாயுவிலிருந்து எடுக்கிறது. சூப்பர்சார்ஜர் பெல்ட் வழியாகக் கிராங்க்கிலிருந்தே எடுக்கிறது. டர்போ சுழலத் தொடங்கும்வரை காத்திருக்கும் அந்தத் தயக்கம் இதில் இல்லை. ஆனால் எஞ்சின் தன் உழைப்பில் ஒரு பங்கை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ரூட்ஸ்தான் இவற்றில் மூத்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்போது காருக்கு யார் யோசித்தார்கள்? உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதத்தான் அது பயன்பட்டது. கூட்டின் உள்ளே இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ரோட்டர் மடலுக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே சிக்கும் காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோய் விடுகின்றன.

கவனிக்க வேண்டிய விஷயம், ரூட்ஸ் தனக்குள் காற்றை அழுத்துவதே இல்லை. சாதாரண அழுத்தத்தில் இருக்கும் காற்றை அப்படியே வெளியேறும் வாசலுக்குக் கொண்டுவருகிறது. வாசல் திறந்ததும், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயில்) ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று பின்னோக்கிப் பாய்ந்து மோதுகிறது. அழுத்தம் ஏறுவது அந்த மோதலில்தான். அதில் சக்தி வீணாகி வெப்பமாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கசிவும் உராய்வும் இல்லாத ஒரு லட்சிய ரூட்ஸ்கூட 0.5 பார் பூஸ்ட்டில் (1 பார் என்பது ஏறத்தாழ சாதாரண வளிமண்டல அழுத்தம்) சுமார் 86 சதவீதத் திறனைத்தான் எட்டும்; திறன் என்று இங்கே சொல்வது, வாங்கும் சக்தியில் வீணாகாமல் காற்றை அழுத்தப் பயன்படும் பங்கை. 1 பாரில் அது சுமார் 77 சதவீதமாகக் குறைகிறது. நிஜ இயந்திரத்தில் இரண்டும் இன்னும் கீழே இருக்கும். பூஸ்ட் ஏற ஏற ரூட்ஸ் மோசமாவது தயாரிப்புக் குறையால் அல்ல, அது வேலை செய்யும் விதத்தால்.

ஆனால் குறைந்த பூஸ்ட்டில் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்று என்பதால், 2500 ஆர்பிஎம்மிலேயே கிட்டத்தட்ட முழு பூஸ்ட் வந்துவிடுகிறது. ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் என்ற ரூட்ஸ் வகையில் ரோட்டருக்கு நான்கு மடல்கள். ஒவ்வொன்றும் 160 டிகிரி முறுக்கப்பட்டிருக்கும். காற்று துடிப்புத் துடிப்பாக அடிக்காமல் சீராகப் பாய்கிறது, சத்தமும் திறன் இழப்பும் குறைகின்றன. 2009 கொர்வெட் இஸட்ஆர்1 காரின் 638 குதிரைத்திறன் எஞ்சினில் இந்த வகைதான் இருந்தது. "ரூட்ஸ் என்றாலே பழைய சரக்கு" என்று சொல்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ட்வின் ஸ்க்ரூ என்ற இன்னொரு வகை வெளியிலிருந்து பார்க்க ரூட்ஸ் மாதிரியே இருக்கும். உள்ளே கதை வேறு. 1930-களில் ஸ்வீடனின் ஆல்ஃப் லிஸ்ஹோம் வளர்த்தெடுத்த வடிவம் இது. ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு திருகு ரோட்டர்கள். அவற்றுக்கு இடையே சிக்கும் காற்றின் இடம் போகப் போகச் சுருங்குகிறது. வாசலை அடையும் முன்பே காற்று அழுத்தப்பட்டுவிடுவதால் பின்னோக்கிப் பாயும் மோதல் குறைகிறது. பூஸ்ட் கூடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். டாட்ஜ் ஹெல்கேட்டின் 707 குதிரைத்திறனுக்குப் பின்னால் இருப்பது சுமார் 2.4 லிட்டர் ட்வின் ஸ்க்ரூ.

இதற்கும் ஒரு விலை உண்டு. நெடுஞ்சாலையில் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது பூஸ்ட் தேவையில்லை. பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சுற்றிவிடும். அப்போது ரூட்ஸின் இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகிவிடும், அது பிடுங்கும் சக்தி மிகக் குறைவு. ட்வின் ஸ்க்ரூவோ பைபாஸ் திறந்திருந்தாலும் உள்ளே அழுத்திக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் மெர்சிடிஸ் இ55 ஏஎம்ஜி காரில் தேவைப்படாதபோது அதைத் துண்டிக்க மின்காந்தக் கிளட்ச் வைத்தார்கள். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

சென்ட்ரிஃபியூகல் முற்றிலும் வேறு ஜாதி. டர்போவின் காற்றுப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, கியர் வைத்து பெல்ட்டோடு இணைத்தது போன்றது. உள்ளே இருக்கும் சக்கரம் காற்றை மையத்தில் வாங்கி விளிம்புக்கு வீசுகிறது; அந்த வேகம் பிறகு அழுத்தமாக மாறுகிறது. அழுத்தம் சக்கர வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதுதான் இதன் வரமும் சாபமும். 7000 ஆர்பிஎம்மில் 0.5 பார் தருகிற அமைப்பு, 3500-இல் ஏறத்தாழ கால் பங்கைத்தான், அதாவது 0.12 பார் அளவுதான் தரும். டவுன் போக்குவரத்தில் அது இருப்பதே தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க்கால ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினில் இருந்ததும் சென்ட்ரிஃபியூகல்தான். விமான எஞ்சின் பெரும்பாலும் குறுகிய ஆர்பிஎம் எல்லைக்குள்ளேயே ஓடும். இருமடி விதியின் பலவீனம் அங்கே தலைகாட்டவே இல்லை. டிராக்கில் ஓடும் காரும் ஓரளவு அப்படித்தான்: நெருக்கமான கியர்களோடு எஞ்சின் எப்போதும் மேல் பகுதியிலேயே இருக்கும். ஆனால் 7000-இல் கியர் மாற்றி 5500-க்கு இறங்கினாலே பூஸ்ட் 0.3 பாருக்கு வந்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. கியர் விகிதங்கள் அகலமாக இருக்கும் காரில் இது நன்றாகவே உறைக்கும்.

சரி, சூட்டுக்கு வருவோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவது போலத்தான். காற்றை அழுத்தினால் அது சூடாகும். 27 டிகிரி காற்றை 0.5 பாருக்கு அழுத்தினால், இழப்பே இல்லாத இயந்திரத்தில்கூட வெப்பம் 37 டிகிரி ஏறும். 60 சதவீதத் திறனுள்ள இயந்திரத்தில் ஏற்றம் 61 டிகிரி. 75 சதவீதத்தில் 49. 60 சதவீத இயந்திரத்தில் அழுத்தம் 50 சதவீதம் கூடியும் அடர்த்தி சுமார் 25 சதவீதம்தான் கூடுகிறது. பாதி லாபத்தைச் சூடு தின்றுவிடுகிறது. கூடவே நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) ஆபத்தும் வருகிறது. அதைத் தவிர்க்க எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தும், குதிரைத்திறன் மேலும் குறையும்.

அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் இருக்கிறதே என்று நினைக்கலாம். எந்த இன்டர்கூலர் என்பதில்தான் சாலையும் டிராக்கும் பிரிகின்றன. ரூட்ஸும் ட்வின் ஸ்க்ரூவும் பெரும்பாலும் எஞ்சினின் தலைமேலேயே உட்காரும். நீளமான குழாய்க்கு இடமில்லாததால், மேனிஃபோல்டுக்குள் ஒரு சிறிய கூலரை வைத்து அதில் தண்ணீரை ஓடவிடுவார்கள். நம் 2 லிட்டர் எஞ்சினில் அந்தத் தண்ணீர் வாங்க வேண்டிய வெப்பம் முழு வேகத்தில் சுமார் 7 கிலோவாட். அமைப்பில் 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், சாலையில் 5 விநாடி முழு ஆக்ஸிலரேட்டரில் அது ஒன்றரை டிகிரிதான் சூடாகும். அடுத்த சிக்னலுக்குள் ஆறியும் விடும். டிராக்கில் ஒரு சுற்றில் ஒரு நிமிடம் முழுதாக மிதித்தால், முன்னால் இருக்கும் ரேடியேட்டர் வெளியேற்றாத பட்சத்தில், சுற்றுக்கு 16, 17 டிகிரி ஏறும். முதல் சுற்றில் பறந்த கார் ஐந்தாவது சுற்றில் சோர்ந்துபோவது இதனால்தான்.

சென்ட்ரிஃபியூகல் எஞ்சினின் முன்பக்க ஓரத்தில், ஆல்டர்னேட்டர் போல உட்காரும். அங்கிருந்து குழாய் இழுத்து பம்பருக்குப் பின்னால் பெரிய இன்டர்கூலர் வைக்கலாம். நேரடியாக வெளிக்காற்றே குளிர்விக்கும். நடுவில் தண்ணீரே இல்லை, அதனால் அது சுற்றுக்குச் சுற்று சூடேறிக்கொண்டே போகும் பேச்சும் இல்லை. வளைவிலிருந்து வெளியேறும்போதும் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) திடுமென வராமல் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறுவதால், பின்சக்கர காரில் டயர் வழுக்குவதைக் கட்டுப்படுத்த எளிது.

அப்படியானால் எதை எடுப்பது? எஞ்சினின் அளவைப் பாருங்கள். 5, 6 லிட்டர் வி8 எஞ்சினுக்குக் கீழ் ஆர்பிஎம்மில் ஏற்கெனவே தேவைக்கு மேல் டார்க் இருக்கிறது. சாலையில் அது எதையும் இழக்காது, டிராக்கிலோ சூடு கட்டுக்குள் இருக்கும். அதற்கு நான் சென்ட்ரிஃபியூகலைத்தான் சொல்வேன். 1.6, 2 லிட்டர் எஞ்சின் கீழே பலவீனமானது. வாரம் முழுக்க சாலையில், எப்போதாவது டிராக்கில் என்றால் 0.4, 0.5 பாரில் ஒரு டிவிஎஸ் வகை ரூட்ஸ் போதும், ஓட்டுவதற்கு இனிமையாகவும் இருக்கும். ட்வின் ஸ்க்ரூ, பூஸ்ட்டை 0.8 பாருக்கு மேல் கொண்டுபோக உறுதியான எஞ்சின் பாகங்களோடு தயாராக இருப்பவருக்கு. மற்றவர்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைக் குளிர்விப்பில் போடலாம்.

சூப்பர்சார்ஜரின் பெல்ட் சக்கரமான புல்லியைச் சிறிதாக்கி பூஸ்ட் ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். சூப்பர்சார்ஜரின் வேகம் 10 சதவீதம் கூடினால் ரூட்ஸில் காற்றோட்டம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். சென்ட்ரிஃபியூகலில் பூஸ்ட் 21 சதவீதம் கூடும், சக்கரம் தன் வேக எல்லையையும் நெருங்கும். புல்லியைத் தொடும் முன், மேனிஃபோல்டில் காற்றின் வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டு தொடர்ந்து ஐந்து சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கோடு மேலே ஏறிக்கொண்டே போனால், அப்புறம் வாங்க வேண்டியது சிறிய புல்லி அல்ல, பெரிய ரேடியேட்டரும் வலுவான தண்ணீர் பம்பும்.