புரொவிஷனல் ரசீது காப்புரிமை அல்ல

"பேட்டண்ட் வாங்கியாச்சு சார்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் கோப்பைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது பேட்டண்டுக்கான (காப்புரிமைக்கான) புரொவிஷனல், அதாவது தற்காலிக, விண்ணப்பத்துக்குக் கட்டணம் செலுத்திய ரசீது மட்டுமே. அண்மையில் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயி ஒருவர் கொண்டுவந்த கோப்பைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. (தொழில் தர்மம் கருதிக் கருவியின் விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

மழைக்காலத்திலும் ரப்பர் ஷீட்டைச் சீக்கிரம் உலர்த்தும் அடுக்கு ஒன்றை அவர் வடிவமைத்திருந்தார். கம்புகளுக்கு இடையிலான இடைவெளியும், அவை சாய்ந்திருக்கும் கோணமும்தான் அவருடைய கண்டுபிடிப்பு. ஆனால் அவரே எழுதித் தாக்கல் செய்த அரைப்பக்க விண்ணப்பத்தில் "ஷீட்டை விரைவாக உலர்த்தும் நவீன அடுக்கு" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. இடைவெளியும் இல்லை, கோணமும் இல்லை, படமும் இல்லை. விண்ணப்ப எண் கிடைத்த தைரியத்தில், டேப்பை வைத்து ஒவ்வொரு அளவையும் காட்டி யூடியூபில் காணொளியும் போட்டுவிட்டார்.

புரொவிஷனலை யாரும் பரிசீலிப்பதில்லை, அதற்காக யாரும் உரிமை வழங்குவதும் இல்லை. யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதைக் காட்டும் தேதியை அது பிடித்து வைக்கிறது; அந்தத் தேதியும் அதில் எழுதப்பட்ட விஷயத்துக்கு மட்டுமே பொருந்தும். 12 மாதத்துக்குள் கண்டுபிடிப்பை முழுமையாக விளக்கும் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கெடுவுக்குள்தான் அவர் வந்தார் என்றாலும், கோணத்தையும் இடைவெளியையும் இப்போது சேர்த்தால் அவற்றுக்கு இன்றைய தேதிதான் கிடைக்கும். அதற்கு முன்பே உலகம் முழுவதும் பார்க்கும்படி அவற்றை வெளியிட்டவர் வேறு யாரும் அல்லர், அவரேதான். சொந்தக் காணொளியானாலும் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போனது போனதுதான். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது. யூடியூப் அந்தப் பட்டியலில் இல்லை.

வக்கீல் இல்லாமல் விண்ணப்பிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்டுபிடித்தவர் தாமே தாக்கல் செய்யலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசீலனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். காப்புரிமை அலுவலகம் இருக்கும் சென்னை கிண்டிக்கு ரயில் ஏற வேண்டியதும் இல்லை. இதே கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று அரசின் இன்பாஸ், கூகுள் பேட்டண்ட்ஸ் தளங்களில் தேடுவதையும், படம் வரைவதையும், கருவி இயங்கும் விதத்தை விவரிப்பதையும் உங்களைவிட நன்றாக, இதையே தொழிலாகச் செய்யும் நாங்கள் செய்துவிட மாட்டோம். உங்கள் சார்பில் விண்ணப்பத்தைக் கவனிக்கும் பேட்டண்ட் ஏஜென்ட் வக்கீலாக இருக்க வேண்டியதும் இல்லை; அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்துடன் அரசுத் தேர்வில் தேறியவர் போதும். ஆனால் எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் 'கிளெய்ம்' பகுதியையும், அலுவலகம் ஆட்சேபங்களைத் தெரிவித்து அனுப்பும் பரிசீலனை அறிக்கைக்கான பதிலையும் மட்டுமாவது ஒருவரிடம் காட்டிவிடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்த பிறகு புதிய விஷயம் எதையும் அதில் நுழைக்கச் சட்டம் இடம் தராது.

தாக்கல் செய்வதற்கு முன் காணொளி வேண்டாம், பத்திரிகைப் பேட்டி வேண்டாம், விற்பனையும் வேண்டாம். புரொவிஷனலையே முழு விண்ணப்பம்போல அளவுகளோடும் படங்களோடும் எழுதுங்கள். வெறும் விவசாய முறைக்குக் காப்புரிமை கிடையாது என்பதையும், மட்டி வாழைக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு, அது வேறு சட்டம் என்பதையும் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். காப்புரிமை வழங்கப்படும் முன்பே பொருளின் மேல் 'பேட்டண்ட் பெற்றது' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது சட்டமீறல். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

இன்னொன்று, விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். பிரவுசிங் சென்டர் தம்பியின் முகவரியைக் கொடுத்தால் பரிசீலனை அறிக்கை அவருக்குத்தான் போகும். பதில் சொல்ல உள்ள ஆறு மாதக் கெடு அவர் அதைத் திறக்கும்வரை காத்திருக்காது.