ஐந்து வோல்ட் எங்கே தொலைகிறது?

அட்டாரி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட ஆஸ்டராய்ட்ஸ் ஆர்கேட் இயந்திரங்கள் சேகரிப்பாளர்களின் வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை மக்கர் செய்யும்போது அடிக்கடி தெரியும் அறிகுறி ஒன்று உண்டு. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், ஆட்டம் மட்டும் தொடங்காது. அல்லது தொடங்கிய சில நொடிகளில் மறுபடி முதலிலிருந்து வரும், திரும்பத் திரும்ப.

இது வாட்ச்டாக் என்ற காவல் சுற்றின் வேலை. ஆட்டத்தின் நிரல் ஒழுங்காக ஓடினால், குறிப்பிட்ட இடைவெளியில் அந்தச் சுற்றுக்கு ஒரு சிக்னல் போய்க்கொண்டே இருக்கும். சிக்னல் வராவிட்டால் புராசசர் குழம்பிவிட்டது என்று முடிவு செய்து அதை ரீசெட் செய்துவிடும். இதைப் பார்த்ததும் பலர் புராசசரையும் மெமரி சிப்புகளையும் கழற்ற ஆரம்பிக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, மின்சாரம் கொடுக்கும் பகுதியான சப்ளையை.

இந்த இயந்திரத்தில் இருப்பது 6502 புராசசரும், அதைச் சுற்றி ஏராளமான 74 வரிசை டிடிஎல் சிப்புகளும் (எளிய லாஜிக் வேலைகளைச் செய்யும் சின்னச் சிப்புகள்). இவை எல்லாம் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. 4.75-க்குக் கீழே போகக்கூடாது, 5.25-க்கு மேலே ஏறக்கூடாது. அதாவது இரண்டு பக்கமும் கால் வோல்ட்தான் இடம். அந்தக் கால் வோல்ட்டை விழுங்கிவிட வழியில் பல இடங்கள் இருக்கின்றன.

கேபினெட்டின் அடியில் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஃபியூஸ்கள், அப்புறம் ஒரு பெரிய நீலநிறக் கெப்பாசிட்டர் இருக்கும். பழுது பார்ப்பவர்கள் அதைச் செல்லமாக 'பிக் ப்ளூ' என்பார்கள். அங்கிருந்து சுமார் 10 வோல்ட் டிசி, ரெகுலேட்டர் போர்டுக்குப் போகிறது. அந்த போர்டு அதை 5 வோல்ட்டாக்கி, வயர் கட்டு, போர்டின் விளிம்பில் செருகும் எட்ஜ் கனெக்டர் வழியாக ஆட்டத்தின் மெயின் போர்டுக்கு அனுப்புகிறது.

பிக் ப்ளூவின் வேலை எளிது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், ரெக்டிஃபையருக்குப் பின் நொடிக்கு 120 முறை வோல்டேஜ் உச்சிக்கு ஏறி இறங்கும். ஓர் உச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுற்றுக்குக் கரண்ட் கொடுப்பது இந்தக் கெப்பாசிட்டர்தான். சுமார் 26,000 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 3 ஆம்பியர் இழுக்கும்போது அந்த இடைவெளியில் வோல்டேஜ் ஒரு வோல்ட்டுக்குள்தான் சரியும். பல பத்தாண்டுகளில் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து, கொள்ளளவு கால்பங்காகிவிட்டால்? சரிவு 3 வோல்ட்டைத் தாண்டும். ரெகுலேட்டருக்கு வேலை செய்யத் தேவையான மிச்சம் அந்தப் பள்ளங்களில் இருக்காது. மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்தால் சராசரிதான் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். அதே இரண்டு முனைகளில் மீட்டரை ஏசிக்கு மாற்றிப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டி வெகுதூரம் போனால் கெப்பாசிட்டர் மேல் சந்தேகப்படலாம்.

ஆனாலும் இந்த இயந்திரத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது ரெகுலேட்டர் போர்டுதான். அட்டாரியின் பொறியாளர்கள் அங்கே அழகான ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். தடிமனான வயர்களில் 5 வோல்ட் மெயின் போர்டுக்குப் போகிறதல்லவா? அதோடு 'சென்ஸ்' எனப்படும் இரண்டு வயர்கள் மெயின் போர்டிலிருந்து திரும்பி வருகின்றன. இவற்றில் கரண்ட் கிட்டத்தட்ட ஓடாது, அதனால் இவற்றில் வோல்டேஜ் இழப்பும் கிடையாது. போர்டில் உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை இவை அப்படியே ரெகுலேட்டரிடம் சொல்லிவிடும். குறைந்தால் ரெகுலேட்டர் ஏற்றிக் கொடுக்கும்.

புது இயந்திரத்தில் இது அருமையான யோசனை. பழசானால் இதுவே நோயை மறைக்கிறது. எட்ஜ் கனெக்டரின் பின்னில் அழுக்கும் துருவும் சேர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 4 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.4 வோல்ட் தொலையும், 1.6 வாட் சூடு கிளம்பும். ஒரு சின்னப் பின்னுக்கு அது நிறைய. சூட்டில் பின்னின் பிடி தளரும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். ரெகுலேட்டரோ ஈடுகட்ட வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். ஆட்டம் நன்றாகவே ஓடும், கனெக்டர் கருகிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஏற்றுவதற்கு மிச்சமில்லாமல் போகும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

ஆகவே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும், அதுவும் இயந்திரம் ஓடும்போதே. ரெகுலேட்டர் போர்டின் வெளியீட்டில் ஒருமுறை. மெயின் போர்டில் ஏதாவது ஒரு சிப்பின் சப்ளைக் காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் நடுவே ஒருமுறை. முதலாவது 5.5, இரண்டாவது 4.9 என்று வந்தால், ரெகுலேட்டர் நல்லபடியாக இருக்கிறது, வழிதான் கெட்டிருக்கிறது. கிரவுண்டு வயரை மறந்துவிடாதீர்கள். போன கரண்ட் அத்தனையும் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அங்கேயும் அதே அளவு தொலையலாம்.

ரெகுலேட்டர் போர்டில் ஆர்29, ஆர்30 என்று இரண்டு சிறிய ரெசிஸ்டர்கள் உண்டு. சென்ஸ் வயர் அறுந்துபோனால் ரெகுலேட்டர் கட்டுப்பாடின்றி வோல்டேஜை ஏற்றிவிடாமல் காப்பது இவற்றின் வேலை. இவை கருகியிருந்தால், மெயின் சப்ளை வழி ஏதோ ஒரு சமயம் மொத்தமாகத் துண்டாகி, கரண்ட் இந்தக் குறுக்குவழியில் பாய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். புதிது போட்டுவிட்டுக் கனெக்டரை அப்படியே விட்டால் அவையும் கருகும்.

அளப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மானிட்டரின் பக்கம் கையை நீட்டாதீர்கள். பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தேங்கி நிற்கும்.

வழியைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஃபியூஸ் பிடிக்கும் கிளிப்புகள், ரெக்டிஃபையரில் செருகிய முனைகள், போர்டின் கனெக்டர் பின்களைச் சுற்றி வளையமாக வெடித்த டிரை சால்டர் (பிடிப்பு விட்டுப்போன பற்றவைப்பு), எட்ஜ் கனெக்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கருகிய பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிடி போன உலோகம் திரும்ப இறுகாது, புதுப் பின் போடுவதே நல்லது.

சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு, பழைய சப்ளையைக் கழற்றிப் புது ஸ்விட்சிங் சப்ளை மாட்டச் சொல்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கனெக்டரின் கருகிய பின்கள் அப்போதும் கருகியபடியே இருக்கும். ஆர்கேடுக்கென்று விற்கும் விலைமலிவான ஸ்விட்சிங் சப்ளைகள் பலவற்றில் சென்ஸ் வயர் கிடையாது, அதனால் மெயின் போர்டுக்கு முன்பைவிடக் குறைவாகவே போகும். உடனே அதன் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றுவார்கள், கனெக்டர் இன்னும் சூடாகும்.