தங்கூஸ் சுற்றிய விராலடிப்பானும் முதுகில் பெட்டி சுமக்கும் கழுகும்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடியிலிருந்து போன். "டாக்டர் சாரே, வலையில ஒரு பருந்து மாட்டிக்கிட்டு. முதுகுல ஒயர் தொங்குது. உளவு பாக்க விட்டதுன்னு சொல்லுதாவ. போலீசுக்குச் சொல்லவா?"

வனத்துறைக்குச் சொல்லச் சொன்னேன். அவர்கள் வந்து, கால்நடை மருத்துவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அது விராலடிப்பான். பனிக்காலத்தில் நம் காயல்களுக்கு வந்து மீன் பிடித்துத் தின்னும் பறவை. ஒயர் என்று சொன்னது தங்கூஸ். யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு, துருப்பிடித்த முள்ளோடு இறக்கையின் அடியில் குத்திக்கொண்டு முதுகைச் சுற்றி முழ நீளம் தொங்கியது. முள்ளை எடுத்து, புண்ணைக் கழுவி, நாலு நாள் இருட்டறையில் வைத்திருந்து காயல் ஓரத்திலேயே பறக்க விட்டோம். அப்போது போன் செய்த பையன் கேட்டான்: "சாரே, இது எந்த ஊருப் பறவை?" வடக்கே எங்கோ, ரஷ்யாவாகக்கூட இருக்கலாம் என்றேன். அவன் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

பறவை போகும் இடத்தைச் சொல்லும் உண்மையான கருவி முதுகில் இருந்திருந்தால் அவன் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அந்தக் கருவி ஏறக்குறைய தீப்பெட்டி அளவுதான். மேலே சூரியத் தகடு, பின்னால் மெல்லிய ஆன்டெனா. பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும் டெஃப்லான் நாடா போட்டுக் கட்டுவார்கள். கருவியின் எடை பறவையின் எடையில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 2013 நவம்பரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே மூன்று அமூர் வல்லூறுகளுக்குக் கட்டியவை 5 கிராம் கருவிகள். அந்த வல்லூறு மொத்தமே 150 கிராம் சொச்சம்தான். அதற்கு முந்தைய ஆண்டு அதே இடத்தில் வலைகட்டி ஆயிரமாயிரமாகக் கொன்று சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கருவி கட்டியவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்று அந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். அவை தீபகற்பத்தைக் கடந்து, அரபிக்கடலின் மேல் இறங்க இடமில்லாமல் நாள்கணக்கில் பறந்து ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததை ஊர்க்காரர்களும் கேள்விப்பட்டார்கள். கொன்ற ஊரே காவல் நிற்கத் தொடங்கியதில், தங்கள் ஊர்ப் பெயர் கொண்ட பறவையின் பயணத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பழைய முறை ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பு. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் சத்தம் தணிந்து இழுக்கும் இல்லையா? பறவையின் கருவி விடும் சமிக்ஞையைத் தலைக்கு மேல் கடக்கும் செயற்கைக்கோள் அப்படித்தான் கேட்கிறது. அந்த மாற்றத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். சில நூறு மீட்டர் முதல் கிலோமீட்டர் கணக்குவரை தவறு வரும். இப்போது ஜிபிஎஸ் கருவிகள் சில மீட்டர் துல்லியத்தில் சொல்கின்றன. அவற்றில் ஒரு வகை, நம் போன் மாதிரியே செல்போன் கோபுரம் கிடைக்கும் இடத்தில் எஸ்எம்எஸ் அனுப்பும். 2019இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இதில் நன்றாக மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய புல்வெளிக் கழுகு ஒன்று கோடை முழுக்க கஜகஸ்தானில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு நேராக ஈரானுக்குப் போய், சேர்த்து வைத்த எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் ரோமிங் கட்டணத்தில் கொட்டியது. பில் கட்ட மக்களிடம் பணம் திரட்ட வேண்டியதாயிற்று. சிரிப்பான கதைதான். ஆனால் அந்தக் கழுகினம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

வரைபடத்தில் பறவை போகும் கோட்டைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். ஒரு மருத்துவனாக எனக்குக் கோடு நிற்கும் இடம்தான் முக்கியம். புள்ளிகள் ஒரே இடத்தில் குவிய ஆரம்பித்தால் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சில சமயம் கூடு இருக்கும், சில சமயம் மின்கம்பத்தின் அடியில் சடலம் இருக்கும்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது அமெரிக்காவின் ஸ்வெயின்சன் பருந்து. கோடையில் வட அமெரிக்காவில் இருக்கும் இந்தப் பறவைகள் குறைந்துகொண்டே போயின. குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று சரியாகத் தெரியவில்லை. 1990களின் நடுவில் கருவி கட்டி அனுப்பினார்கள். புள்ளிகள் அர்ஜென்டினாவின் வயல்வெளிகளில் போய் நின்றன. ஆய்வாளர்கள் பின்னாலேயே போனபோது மரத்தடிகளில் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தன. வெட்டுக்கிளிக்கு அடித்த பூச்சிமருந்து, வெட்டுக்கிளியைத் தின்ற பருந்துக்குள் போயிருந்தது. ஒரே பருவத்தில் 20,000 வரை இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மருந்தின் பெயர் மோனோகுரோட்டோபாஸ்.

நம் ஊர்த் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேரில் மருந்து கட்டப் பாலித்தீன் பையில் ஊற்றிய அதே மருந்துதான். 2005இலேயே காய்கறிக்குப் பயன்படுத்தக்கூடாது என்றார்கள், 2023இல் 36 சதவீதக் கரைசலையே நிறுத்தச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது. தோப்பு ஷெட்டில் பழைய பாட்டில் இருந்தால் அதை எலிக்கோ நாய்க்கோ வைத்துவிடாதீர்கள். அந்த எலியைத் தூக்கிப்போவது பருந்துதான்.

இதைச் சொல்லும்போது என் மருந்துப் பெட்டியையும் திறந்து காட்ட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கன்று ஈன்ற மாடு வலியில் நின்றால் டைக்ளோபினாக் ஊசிதான். மலிவு, உடனே கேட்கும். அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகின், அதாவது பிணந்தின்னிக் கழுகின், சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கும் என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. அப்புறமும் மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு, அதனால்தான் 2015இல் ஊசி மருந்தை 3 மில்லிக்குள் அடக்கினார்கள். 2023இல் அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் கால்நடைகளுக்குத் தடையாயின. மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைப் போட்டால் மாட்டுக்கும் போதும், கழுகுக்கும் கேடில்லை.

"இங்க பிணந்தின்னிக் கழுகே கிடையாதே, எனக்கென்ன?" என்று ஒரு மருந்துக் கடைக்காரர் என்னிடம் கேட்டார். உண்மைதான், தமிழ்நாட்டில் அவை இப்போது மோயாறுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் கூடு கட்டுகின்றன. ஆனால் கருவி கட்டிய பாறுகள் இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சந்தையில் கைமாறும் மாடும் ஒரே மாவட்டத்திலா நிற்கிறது?

அக்டோபர் முதல் மார்ச் வரை தேரூர்க் குளத்திலும் பறக்கைப் பத்து வயல்களிலும் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகளைக் கவனியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நமக்குக் காற்றாலை சுற்றும் காற்றுதான் கழுகுகளையும் தூக்கிவிடுகிறது. அடிபட்ட பறவை கிடைத்தால் தடித்த துண்டைப் போட்டு மூடித் தூக்குங்கள். பயப்பட வேண்டியது அலகுக்கு அல்ல, கால் நகத்துக்கு. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, அவ்வளவுதான். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பாலும் வேண்டாம்.

முதுகில் பெட்டியோ காலில் வளையமோ இருந்தால் கழற்றாமல், நாடாவை வெட்டாமல், எண்ணும் முகவரியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வனத்துறைக்குக் கொடுங்கள். செத்துக் கிடந்தாலும் அப்படியே. கருவியை வீட்டுக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்தால், எங்கோ ஒரு ஆய்வாளர் உங்கள் வீட்டுக் கூரைமேல் கழுகு கூடு கட்டிவிட்டது என்று கணக்கெழுதுவார். அந்தப் போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் 'உளவுப் பறவை' என்று போடுவதற்கு முன்னால் எனக்கோ, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ ஒரு போன் செய்யுங்கள். தங்கூஸாக இருந்தாலும் பரவாயில்லை, வந்து பார்க்கிறோம்.