ஏஸ் ஜோடியும் தோற்பதால்தான் போக்கர் பிழைத்திருக்கிறது

நேற்று செஸ் கற்றுக்கொண்ட ஒருவர் குகேஷின் எதிரே உட்கார்ந்தால் நூறு ஆட்டத்தில் நூறும் தோற்பார். நேற்று போக்கர் கற்றுக்கொண்டவர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு எதிரே உட்கார்ந்தால், முதல் அரை மணி நேரத்தில் சிப்பெல்லாம் (பணத்துக்கு ஈடாக வைக்கும் வில்லைகள்) இவர் பக்கம் குவிந்தாலும் ஆச்சரியமில்லை. வருடக்கணக்கில் ஆடினால் ஆண்டியாவார் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த அரை மணி நேரம் மனதை விட்டு இறங்காது. போக்கரின் ருசி, கேடு இரண்டுமே அந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இன்று உலகில் அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம் என்ற வகை. ரம்மி பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே சீட்டு எடுத்து, சீட்டு இறக்கி செட் சேர்க்கும் வேலை கிடையாது, ஜோக்கரும் கிடையாது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். பிறகு மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறந்து விழும். முதலில் சேர்ந்து விழும் மூன்றுக்கு ஃப்ளாப் என்று பெயர். நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஏழு சீட்டில் எந்த ஐந்து சிறந்ததோ அதுவே உங்கள் கை. சீட்டு பிரிக்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயப் பணம் வைத்தாக வேண்டும். ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் என்பது அதுதான். ஃப்ளாப்புக்கு முன் ஒன்று, பின் மூன்று என நான்கு சுற்றுப் பந்தயம். ஒவ்வொன்றிலும் கட்டலாம், ஈடுகொடுக்கலாம், ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டை மடக்கிவிட்டு விலகலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே நடுவில் உள்ள பணத்தை அள்ளிக்கொள்வார். பிளஃப், அதாவது மோசமான கையை நல்ல கை போலக் காட்டிப் பணம் கட்டுவது, பிறந்ததே இந்தக் கடைசி விதியால்தான்.

இதில் மூளைக்கு என்ன வேலை? ஓர் உதாரணம். உங்கள் கையில் இரண்டு ஆர்ட்டின், ஃப்ளாப்பில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃப்ளஷ். கட்டில் ஆர்ட்டின் 13. நான்கு கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. நீங்கள் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டே ஆர்ட்டினாக விழ 47-இல் 9, சுமார் 19 சதவீதம். டர்ன், ரிவர் இரண்டையும் பார்க்க முடிந்தால் 35 சதவீதம். மேசையில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கையை, இரண்டு சீட்டு பாக்கி இருந்தால் நான்கால் பெருக்கு, ஒன்றே பாக்கி என்றால் இரண்டால். 36, 18 என்று வரும், போதுமான துல்லியம்.

இப்போது நடுவில் 100 ரூபாய் இருக்கிறது, எதிராளி 50 கட்டுகிறார். நீங்கள் 50 போட்டால் மொத்தம் 200. அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று. ஆகவே 25 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பிருந்தால் போடலாம், குறைந்தால் மடக்க வேண்டும். புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். 35 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பணம் போடுவார்கள். ஆனால் டர்னில் எதிராளி மறுபடியும் கட்டுவார், அதற்கும் காசு வேண்டும். இந்த 50 ரூபாய் வாங்கித் தருவது ஒரே ஒரு சீட்டைத்தான், அதன் மதிப்பு 19. எதிராளி தன்னிடம் உள்ள அத்தனை சிப்பையும் ஏற்கனவே நடுவில் தள்ளிவிட்டார் என்றால் மட்டுமே 35 செல்லும், ஏனென்றால் அதன் பிறகு அவரால் கட்ட முடியாது. ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடமிருந்து இன்னும் பணம் கறக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் 19-இலும் தொடரலாம். உங்கள் ஆர்ட்டின் சின்ன எண்களாக இருந்து அவர் கையில் பெரிய ஆர்ட்டின் இருந்துவிட்டால், கேட்ட சீட்டு விழுந்தும் மொத்தமும் போகும். பத்து விநாடியில் இத்தனையும் யோசிக்க வேண்டும். கணக்கு பிடித்தவர்களுக்கு இது போதை மாதிரி என்று சொன்னால் அது உவமை மட்டுமல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

பிளஃப் பற்றி ஒரு பெரிய கட்டுக்கதை உண்டு: முகத்தில் சலனம் காட்டாதவனே வெல்வான் என்று. கணிதமேதை ஜான் வான் நாய்மன் 1928-லேயே இரு நபர் ஆட்டங்களுக்கான தேற்றத்தை நிறுவினார். அவர் போக்கரைச் சுருக்கிச் செய்த மாதிரியில் பிளஃப் என்பது குணமாகவோ துணிச்சலாகவோ வரவில்லை, கணக்கிலிருந்தே வந்தது. நல்ல கைக்கு மட்டும் பணம் கட்டுகிறவருக்கு யாரும் ஈடுகொடுக்க மாட்டார்கள். அதனால் பொய்யும் கலந்தாக வேண்டும். எவ்வளவு? ரிவரில் நடுவில் 100 இருக்க நீங்கள் 100 கட்டினால், எதிராளி 100 போட்டு 200-க்கு ஆசைப்படுகிறார். மூன்றில் ஒருமுறை அவர் வென்றால் நஷ்டமில்லை. ஆகவே இரண்டு நிஜத்துக்கு ஒரு பொய் என்று கலந்தால், அவர் போட்டாலும் மடக்கினாலும் ஒன்றுதான், திணறிப்போவார். அந்தப் பொய்யையும் ஆகக் கடைசித் தரமான கையோடு சொல்ல வேண்டும். நடுத்தரக் கைக்குச் சீட்டைக் காட்டினாலே வெல்ல ஓரளவு வாய்ப்பிருக்கிறது. அதை வைத்து பிளஃப் அடிப்பது வீண். முகத்துக்கு வேலையே இல்லை என்பதை 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரடஸ் என்ற கணினி நிரல் காட்டியது. பிட்ஸ்பர்க் நகரில் 20 நாள், 1,20,000 கை, எதிரே நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள். எந்த முகத்தையும் பார்க்காமல் நால்வரையும் அது வென்றது.

ஆகத் திறமை நிஜம். அதை அதிர்ஷ்டம் மூடி மறைக்கிறது என்பதும் நிஜம். கிடைக்கக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,326; அவற்றில் ஆகச் சிறந்ததான ஏஸ் ஜோடி ஆறே ஆறு. 221 கைக்கு ஒருமுறை. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 25 முதல் 30 கைதான் ஓடும் என்பதால், ஏழெட்டு மணி நேரம் காத்திருந்து ஒருமுறை வரும். எதிராளியிடம் ராஜா ஜோடி இருந்து இருவரும் எல்லாவற்றையும் தள்ளினால் ஏஸ் வெல்வது 82 சதவீதம். மீதி 18-இல் ராஜா சிரிக்கிறார். எந்தத் தவறும் செய்யாமல் தோற்றவர் நொந்துபோகிறார். தவறான நேரத்தில் பணம் தள்ளியவர் தன்னை மேதை என்று நினைத்துக்கொள்கிறார்.

இந்த இரண்டு பேரின் மூளையிலும் நடப்பதைப் புரிந்துகொள்ள குரங்குகள் உதவின. நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்கு ஒரு சைகை காட்டிப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் நரம்பு துள்ளியது. பழகியபின், சைகைக்கே துள்ளிவிட்டுச் சாற்றுக்குச் சும்மா இருந்தது. சாறு வராமல் போனால் அடங்கியது. கிடைத்த பொருளை விட, எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது அளக்கிறது. 2003-இல் வெளிவந்த தொடர் ஆய்வில், சைகைக்கும் சாற்றுக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் நரம்பின் செயல்பாடு மெல்ல ஏறிக்கொண்டே போனது. சாறு கிடைக்கும் வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான் அந்த ஏற்றம் அதிகம். போக்கரில் ராணி ஜோடிக்கு எதிராக ஏஸ்-ராஜா என்பது ஏறத்தாழ 55-க்கு 45. சிப்பெல்லாம் நடுவில், முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு என ஐந்து சீட்டு திறக்கிறது. குரங்கின் காத்திருப்பு இதேதான், சாறுதான் வேறு.

டோபமினுக்கும் சூதுக்கும் உள்ள தொடர்புக்கு மருத்துவமனையிலிருந்தும் சாட்சி உண்டு. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல் போன்ற, டோபமினைப் போலவே வேலை செய்யும் மருந்துகள், அதுவரை சீட்டுப் பக்கமே போகாத சிலரைக் கட்டுப்பாடில்லாத சூதாட்டத்தில் தள்ளுகின்றன. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் தணிகிறது.

இன்னொரு கண்ணி, கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு. உளவியலாளர் எலன் லாங்கர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு டாலர் குலுக்கல் சீட்டை அலுவலக ஊழியர்களுக்கு விற்றார்கள். தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள். கையில் திணிக்கப்பட்டவர்கள் கேட்டது 1.96. குலுக்கலில் அந்தக் கட்டுப்பாடு முழுப் பொய், சுட்டிக்காட்டினால் புரிந்துவிடும். போக்கரில் அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை முழுப் பொய்யை விட ஆபத்தானது.

எத்தனை கை ஆடினால் உண்மை வெளிவரும் என்று கணக்குப் போடலாம். கெட்டிக்காரர் ஒருவர் 100 கைக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் (அந்தக் கட்டாயப் பணமே இங்கே அளவுகோல்) சம்பாதிக்கிறார் என்று வைப்போம். அது நல்ல வரும்படி. ஆனால் 100 கையில் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு, சுமார் 90 பிளைண்ட். 10,000 கை ஆடிய பின் எதிர்பார்க்கும் லாபம் 500, திட்ட விலக்கம் 900. அதாவது இத்தனை நல்ல ஆட்டக்காரரும் அந்த 10,000 கை முடிவில் நஷ்டத்தில் நிற்கப் பத்துக்கு மூன்று வாய்ப்பு. இதைத் திருப்பிப் பாருங்கள்: அதே அளவு மோசமாக ஆடுகிறவர் லாபத்தில் நிற்கவும் பத்துக்கு மூன்று வாய்ப்பு. வாரம் ஏழு மணி நேரம் நேரில் ஆடுபவருக்கு 10,000 கை என்பது ஒரு வருடம். சாம்பாரில் உப்புக் கூடினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும், அதனால்தான் சமையல் கற்றுக்கொள்ள முடிகிறது. ஒரு வருடம் கழித்தும் பொய் சொல்லக்கூடிய நாக்கை வைத்துக்கொண்டு யாரும் சமைக்கக் கற்க முடியாது.

2003-இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிச் சுற்று வழியாக, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் நுழைந்து, 839 பேரில் முதலாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். மறு வருடம் அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். போக்கரின் விளம்பரமே இதுதான்: சாதாரண ஆள் வெல்ல முடியும். முடியும், எத்தனை பேரில் ஒருவர் என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

மேசையின் வாடகையைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நடத்துகிறவர் ஒவ்வொரு பானையிலிருந்தும் (ஒரு கையில் நடுவில் சேரும் பணம்) ஒரு பங்கு எடுப்பார். ரேக் என்பது அது. சராசரிப் பானை 1,000 ரூபாய், ரேக் 5 சதவீதம், மணிக்கு 30 கை என்றால் மணிக்கு 1,500 ரூபாய் மேசையை விட்டே போகிறது. ஆறு பேர் ஆடினால் ஆளுக்கு 250. நண்பர்களுக்குள் ஒருவர் தோற்றது இன்னொருவருக்குச் சேரும். இங்கே எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி நஷ்டம். இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு 60, 70 கை, நான்கு மேசை ஒரே நேரத்தில் திறந்தால் சுமார் 250 கை. நேரில் பத்து மணி நேரத்தில் இழப்பதை ஒரு மணி நேரத்தில் இழக்கலாம்.

அடுத்தது டில்ட். பின்பால் என்ற பந்து விளையாட்டு இயந்திரத்தை ஆத்திரத்தில் சாய்த்தால் அது பூட்டிக்கொண்டு காட்டும் எச்சரிக்கையிலிருந்து வந்த சொல். ஏஸ் ஜோடி தோற்ற அடுத்த பத்து நிமிடத்தில் ஆட்டக்காரரின் மூளை பூட்டிக்கொள்வதை இது குறிக்கிறது. உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் காட்டியது போல, லாபம் தரும் மகிழ்ச்சியை விட அதே அளவு நஷ்டத்தின் வலி பெரிது. நஷ்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் கூடுதல் அபாயத்தை விரும்பி ஏற்கிறார்கள். மேசையில் இது மூன்று விதமாகத் தெரியும்: மடக்க வேண்டிய கைகளையெல்லாம் ஆடுவது, பெரிய மேசைக்கு மாறுவது, எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருப்பது. தேர்ந்தவர்கள் 100 பிளைண்டை ஒரு மூலதனமாகக் கொண்டு, அதுபோல் இருபது முப்பது மூலதனம் ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு மூன்று போனதும் அன்றைக்கு எழுந்துவிடுவது இதற்காகத்தான்.

இது நோயாக மாறும் எல்லையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் மாற்றி வகுத்து, சூதாட்டக் கோளாறைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் பன்னிரண்டு மாதத்தில் நான்கு தென்பட்டால் போதும். அதே கிளர்ச்சிக்கு மேலும் மேலும் பணம் வேண்டியிருப்பது, நிறுத்தினால் எரிச்சல், வீட்டில் பொய், கடன், விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்புவது எல்லாம் அதில் அடக்கம். போக்கர்காரரிடம் இது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படும், ஏனென்றால் 'எனக்கு நேரம் சரியில்லை, ஆட்டம் சரிதான்' என்ற வாதம் மேலே போட்ட கணக்கின்படி பொய்யென்று நிரூபிக்க முடியாத ஒன்று. சிந்தனை-நடத்தை சிகிச்சை பலன் தருகிறது. இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இது திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் வாதித்தன. 2022-இன் தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டுத் தடுத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்று அந்தப் பட்டியலை ரத்து செய்தது. கேள்வியே கோணல். ஒரே கைக்கு அது அதிர்ஷ்டம், லட்சம் கைக்குத் திறமை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பிரிவினையையே ஓரமாக வைத்துவிட்டுப் பணம் கட்டும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது.

அப்படியானால் காசில்லாமல் புளியங்கொட்டை வைத்து ஆடலாமே என்றால், சிக்கல் அங்கேயும் இருக்கிறது. இழக்க எதுவும் இல்லாதபோது யாரும் மடக்க மாட்டார்கள். யாரும் மடக்காத மேசையில் பிளஃப் செத்துவிடும், பிறகு மிஞ்சுவது சீட்டு திறக்கும் வேலை மட்டும். நேர்மையான இடைவழி, நண்பர்களுக்குள் ரேக் இல்லாமல் ஆடும் சிறு தொகைப் போட்டி: ஆளுக்கு ஒரே அளவு சிப், அது தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும், போனால் அந்தத் தொகை மட்டும் போகும். அதிலும் சிப் தீர்ந்தவர் மீண்டும் பணம் கட்டி உள்ளே வரலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வரலாம் என்றால், அந்தத் தொகை மட்டும்தான் போகும் என்ற எல்லை உடைந்துவிடும்.