ஆயில் கறுப்பதும் எஞ்சின் தேயாமல் இருப்பதும்

‘மாற்றிய சில வாரங்களிலேயே எஞ்சின் ஆயில் கறுத்துவிடுகிறதே, கெட்டுப்போய்விட்டதா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிஸ்டன் வளையங்களின் பள்ளங்களில் கசடாகப் படிந்துவிடாதபடி, டிஸ்பெர்சன்ட் எனும் சேர்மங்கள் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொண்டு ஆயிலிலேயே மிதக்கவிடுகின்றன. கறுப்பு ஆயிலில் தெரிந்தால் அது உலோகத்தில் படியவில்லை என்று பொருள். ஆயிலில் கலக்கப்படும் டிடர்ஜென்ட்டுகள் எனும் சேர்மங்களோ, தம்முள் பொதிந்துள்ள நுண்ணிய கால்சியம் கார்பனேட்டைக் கொண்டு, எரிதலில் பிறக்கும் அமிலங்களை நடுநிலையாக்குகின்றன.

தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மத்தின் கதைதான் இவற்றைவிடச் சுவையானது. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் அடங்கிய ஜிங்க் டைஅல்கைல்டைதையோபாஸ்பேட், வால்வுகளை இயக்கும் கேமும் அதன்மேல் உரசும் பாகமும் அழுந்தும் இடத்தில் சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக உருமாறுகிறது. அதன் தடிமன் சுமார் 100 நானோமீட்டர்தான். நுண்ணிய முனையால் பரப்பைத் தடவி அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியின் அந்த முனையால் உரசியபடியே இப்படலம் வளர்வதை நேரடியாக அளந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு, ‘சயின்ஸ்’ இதழில் 2015இல் வெளியானது. அழுத்தமும் வெப்பமும் கூடக்கூட வளர்ச்சி மடங்கு மடங்காக விரைகிறது என்று அது காட்டியது; அதாவது, உலோகப் பரப்பின் எந்த நுண்மேடு அதிகம் அடிவாங்குகிறதோ அங்கேயே கவசம் முதலில் முளைக்கிறது. படலம் எஃகைவிட நெகிழ்வானது. ஆகவே அது தடிக்கும்போது அழுத்தம் பரவிக் குறைகிறது, குறைந்ததும் வளர்ச்சி தானாக மட்டுப்படுகிறது. யாரும் கட்டளையிடாமலேயே தேவையான இடத்தில் தேவையான அளவுக்கு வளர்ந்து நிற்கும் இந்த ஒழுங்கை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1940களிலிருந்தே பயன்பாட்டில் உள்ள ஒரு பொருளின் செயலை இவ்வளவு நெருங்கிப் பார்க்க எழுபது ஆண்டுகளுக்கு மேலானது, உராய்வியலுக்கு நாம் எவ்வளவு குறைவாக நிதி ஒதுக்குகிறோம் என்பதையே காட்டுகிறது என்பது என் கருத்து.

அப்படியானால் இச்சேர்மத்தை இன்னும் அதிகமாகக் கலக்கலாமே எனலாம். ஆனால் ஆயிலோடு எரிந்து வெளியேறும் பாஸ்பரஸ், புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால்தான் பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மேலும், டிடர்ஜென்ட், டிஸ்பெர்சன்ட், உராய்வுக் குறைப்பான் ஆகியவையும் அதே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. கடையில் தனியாக விற்கும் சேர்மத்தை ஒரு பாட்டில் ஊற்றினால் பழைய எஞ்சின் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கையை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஆயில் தயாரிப்பாளர் நுணுக்கமாக அமைத்த சமநிலையை அந்த பாட்டில் குலைத்துவிடவும் கூடும்.