அட்ரோப்பின்: பாவையை விரிக்கும் மருந்து

மலேசியாவில் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங்கில் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கண்ணின் உட்புறத்தையும் அவ்வப்போது சோதித்துப் பார்ப்பார்கள். போன முறை பெரியம்மாவை நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். மிஸ்ஸி (தாதி) இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டு, "துங்கு செக்கெஜாப்", கொஞ்சம் பொறுங்கள், என்று மலாயில் சொல்லி உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா மருந்துய்யா இது? போன்ல எழுத்தெல்லாம் கரையுது. வெளிச்சம் குத்துது. கண்ணு போயிடுமா?"

கண் போகாது. சில மணி நேரத்தில் தானே சரியாகிவிடும். ஆனால் அதை அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல தமிழ்ச்சொல் இல்லை. அந்தச் சொல்லைத் தேடியதில் எழுதியதுதான் இது.

அன்று விட்ட சொட்டின் பெயர் ட்ரோப்பிக்கமைடு. அதற்கு மூத்த மருந்து அட்ரோப்பின். அட்ரோபா பெல்லடோனா என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து வந்த பெயர் இது. செடிக்கு 1753இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். 1831இல் மைன் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அதன் வேரிலிருந்து மருந்துச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்.

கிரேக்கர்களின் கதையில் மனிதரின் ஆயுள் ஒரு நூல். ஒருத்தி நூற்பாள், ஒருத்தி அளப்பாள், மூன்றாமவள் அறுப்பாள். அறுப்பவள் பெயர் அட்ரோப்போஸ். 'ட்ரோப்போஸ்' என்றால் திரும்புதல். முன்னால் நிற்கும் 'அ' அதை மறுக்கிறது. அவள் முடிவைத் திருப்ப முடியாது என்று பொருள். தின்றால் உயிரைக் குடிக்கும் செடிக்குப் பொருத்தமான பெயர்தான். பின்னால் வேதியியலாளர்கள் அட்ரோப்பினை உடைத்துக் கிடைத்த அமிலத்துக்கு, முன்னெழுத்தை விட்டுவிட்டு ட்ரோப்பிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ட்ரோப்பிக்கமைடின் பெயர் அதிலிருந்து வந்தது. வெப்பமண்டலத்தைக் குறிக்கும் 'ட்ரோப்பிக்கல்' வேறு வழியில் வந்த சொல் என்றாலும், சூரியன் திரும்பும் எல்லையைச் சொல்வதால் அதற்கும் வேர் இதே 'ட்ரோப்போஸ்'தான்.

பெயரின் இரண்டாம் பாதி, பெல்லடோனா, இத்தாலிய மொழியில் அழகிய பெண். அக்காலப் பெண்கள் கண் பெரிதாகத் தெரிவதற்காக இதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்கள் என்பார்கள்.

சரி, கண் எப்படிப் பெரிதாகிறது? உண்மையில் விரிவது நடுவிலிருக்கும் கரிய துளை. அதைச் சுற்றி வளையம்போல் ஒரு தசை இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கும். அதை வாங்கிக்கொள்ளத் தசையில் ஏற்பி என்ற இடம் உண்டு. அதில் போய் உட்கார்ந்ததும் வளையம் இறுகும், துளை சுருங்கும். நரம்பு இப்படி ஒரு பொருளை அனுப்பித்தான் பேசுகிறது என்பதை ஓட்டோ லோவி 1921இல் தவளை இதயத்தை வைத்துக் காட்டினார். 1936இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரோப்பின் செய்வது ஒன்றுதான்: அந்த ஏற்பியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. நரம்பு கூப்பிட்டாலும் தசைக்குக் கேட்பதில்லை. வளையம் தளர்கிறது, துளை அகலமாகத் திறக்கிறது, மருத்துவர் விழித்திரையை நன்றாகப் பார்க்கலாம். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் வில்லையைத் தடிக்கச் செய்யும் தசையும் அதோடு சோர்ந்துவிடுவதால்தான் பெரியம்மாவுக்கு எழுத்து கரைந்தது. ட்ரோப்பிக்கமைடின் வேலை சில மணி நேரத்தில் தீரும். அட்ரோப்பின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்தத் துளைக்குத் தமிழில் பாவை என்று பெயர். 'கருமணியிற் பாவாய்' என்கிறது 1123ஆம் குறள். காதலிக்கு இடம் வேண்டும், நீ போய்விடு என்று தன் கண்ணின் பாவையிடமே ஒருவன் சொல்கிறான். பாவை என்றால் பொம்மை. எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் பார்த்தால் நம் உருவம் சின்னப் பொம்மையாகத் தெரியும் அல்லவா? தோட்டத்து அம்மாக்கள் 'கண்ணு பாப்பா' என்பதும் அதைத்தான். லத்தீனில் இதன் பெயரான 'புப்பில்லா'வுக்கும் சிறுமி, பொம்மை என்றே பொருள். தமிழில் பாவைக்கு அழகிய பெண் என்ற பொருளும் உண்டு. பெல்லடோனாவும் அதன் மருந்து வேலை செய்யும் இடமும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமில்லை.

ஆகவே இந்த வகைச் சொட்டுக்குப் பாவை விரிப்பி என்பதே சரியான பெயர் என்பேன். 'கருவிழி' என்றால் எந்தப் பகுதி என்று குழம்பும். அட்ரோப்பின் என்பது பொருளின் பெயர், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது செய்யும் வேலைக்குத்தான் தமிழ் வேண்டும்.

இந்தச் சத்துக்காக ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதும் இல்லை. வேலியோரத்து ஊமத்தையிலும் அட்ரோப்பினும் அதன் உறவுச் சத்துகளும் உண்டு. ஊமத்தை என்ற பெயர் 'உன்மத்தம்', அதாவது பித்து, என்ற வடசொல்லின் வழி வந்தது. ஐரோப்பியர் இந்தக் குடும்பத்துச் செடியின் பெயரில் அழகையும் சாவையும் வைத்தார்கள், நம்மவர்கள் மூளைக்குள் நடப்பதை வைத்தார்கள். அசிட்டைல்கோலின் மூளையிலும் பேசுகிறது. அங்கே அதைத் தடுத்தால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உடம்பின் மற்ற இடங்களில் தடுத்தால் வாய் காயும், உடம்பு சுடும். ஊமத்தையை வீட்டு வைத்தியமாக யாரும் தொடக்கூடாது. ஆனால் அதே தடுப்பு அளவோடு இருந்தால் பயன் தரும். கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயில் மூளையில் டோப்பமைன் என்ற இன்னொரு பொருள் குறைவதால் அசிட்டைல்கோலினின் கை ஓங்கும். பென்ஸ்ஹெக்ஸால் மாத்திரை அதை அடக்கி நடுக்கத்தைக் குறைக்கிறது. வயதானவர்களுக்கு அதனால் மறதியும் குழப்பமும் வரலாம் என்பதால் மருத்துவர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

அப்புறம், தோட்டத்துக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொன்று. நம் வழக்கில் புல்லுக்கும் பூச்சிக்கும் அடிப்பதும் 'மருந்து'தான். உலாட் புங்குஸ் என்ற கூட்டுப் புழுவுக்காகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரத்தண்டில் துளையிட்டுச் செலுத்தும் மோனோகுரோட்டோபாஸ் போன்றவை, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் உடம்பில் தேங்கிப்போகும். பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் கொட்டும், நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறும். அப்போது ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாயில் ஏற்றும் முக்கிய முறிவு மருந்து அட்ரோப்பின். மூச்சுக்குழல் காய்ந்து தெளியும்வரை திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். ஆயுளின் நூலை அறுப்பவளின் பெயர் கொண்ட மருந்து அங்கே உயிரைப் பிடித்து வைக்கிறது. 2020இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லி வேறு வகை நஞ்சு, அட்ரோப்பின் அதை முறிக்காது. அதனால் யாரையாவது தூக்கிக்கொண்டு ஓடும்போது மருந்துப் போத்தலின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இதற்கு எதிர் வேலை செய்யும் சொட்டும் இருக்கிறது. பைலோகார்ப்பின் அதே ஏற்பியில் உட்கார்ந்து வளையத்தை இறுக்கும். அது பாவை சுருக்கி. கண் அழுத்த நோயில் சிலருக்கு, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலை அதனால் திறக்கும். அதே மூலை குறுகலாக உள்ளவர்களுக்குப் பாவை விரிந்தால் நீர் அடைபட்டு அழுத்தம் சட்டென்று ஏறக்கூடும். எனவே கண் அழுத்தம் இருந்தால் சொட்டு விடும் முன்பே மிஸ்ஸியிடம் சொல்லிவிட வேண்டும். விட்ட பிறகு கண் கடுமையாக வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, வாந்தி வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரியம்மாவிடம் கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: "கண்ணு பாப்பாவை விரிக்கிற மருந்து பெரியம்மா, சாயங்காலம் சுருங்கிடும்." அவர் என் கையை விட்டுவிட்டு, வெயிலுக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.