படைப்பணிக்குப் பின் இயற்பியல் பணி: முன்னாள் படைவீரர் விதிகள் எதுவரை துணை நிற்கும்?

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அதே நீலகிரி மாவட்டத்தில், உதகைக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் வானைக் கவனித்து வருகிறது. மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமமாக, 11 பாகையளவில் இருப்பதால், அதன் அச்சைப் பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைக்க முடிந்தது. சீருடையைக் கழற்றிய பிறகு இத்தகைய ஆய்வுக்கூடங்களில் பணியாற்ற விரும்பும் படைவீரருக்கு மத்திய அரசின் விதிகள் எதைத் தருகின்றன, எதைத் தரவில்லை என்பதை இங்கே விளக்குகிறேன்.

மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்புக்கான அடிப்படை, 1979-ஆம் ஆண்டின் விதிகளாகும். இவற்றின்படி நேரடி நியமனத்தில், எழுத்தர் போன்ற கீழ்நிலைப் பணிகளைக் கொண்ட குரூப் 'சி' பதவிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கு மேலுள்ள குரூப் 'பி', குரூப் 'ஏ' பதவிகளில் பொதுவாக இத்தகைய ஒதுக்கீடு இல்லை. இயற்பியல் பட்டத்தைக் கோரும் பதவிகளில் பல இந்த மேல் நிலைகளில்தான் வருகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பதவி குரூப் 'பி' சார்ந்தது. ஆகவே ஒதுக்கீட்டை மட்டும் நம்பி இத்துறைக்குள் நுழைய எண்ணுவது சரியான கணக்காகாது.

அடுத்ததாகப் பலரும் பிழையாகப் புரிந்துகொள்வது, 'பட்டப்படிப்புக்கு இணை' எனப்படும் சலுகையை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோ, இந்திய இராணுவச் சிறப்புக் கல்விச் சான்றிதழோ, கடற்படை அல்லது வான்படையில் அதற்கு இணையானதோ பெற்று, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவர், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 'சி' ஒதுக்கீட்டுப் பதவிகளுக்குத் தகுதியானவராகக் கருதப்படலாம். ஆனால் தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமான பதவிகளுக்கு இது பொருந்தாது. இயற்பியலைப் பாடமாகப் படித்த பட்டம் கேட்கப்படும் இடத்தில் அந்தப் பட்டத்துக்கு ஈடாகவும் நிற்காது. எழுத்தர் பணிக்குக் கதவைத் திறக்கும் ஒரு சலுகையை நம்பி, ஆய்வகப் பணிக்கு வேண்டிய படிப்பைத் தள்ளிப்போடுவது மிகவும் வருந்தத்தக்க இழப்பு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையில் பெரிதும் கைகொடுப்பது வயதுத் தளர்வுதான். குரூப் 'சி' பதவிகளுக்கு, ஒருவரின் உண்மையான வயதிலிருந்து அவர் படையில் பணியாற்றிய ஆண்டுகளைக் கழிக்க வேண்டும்; மிஞ்சும் வயது, அறிவிப்பிலுள்ள உச்ச வரம்பை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாதிருந்தால் போதும். கோத்தகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் 19 வயதில் சேர்ந்து, 17 ஆண்டுகள் பணியாற்றி, 36 வயதில் வெளிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மூன்று ஆண்டுகளில் பி.எஸ்சி. இயற்பியலை முடித்தால் அவருக்கு 39 வயது. 17-ஐக் கழித்தால் 22. உச்ச வரம்பு 27 என்றால் அவர் அதற்குள்ளேயே இருக்கிறார், எம்.எஸ்சி.க்கு மேலும் இரண்டு ஆண்டுகள் செலவிட்டாலும் கணக்கு 24-இல்தான் நிற்கும். வயது கடந்துவிட்டதே என்ற அச்சத்தில் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை என்பதை இந்தக் கழித்தல் காட்டிவிடுகிறது.

பணியில் இருக்கும்போதே படிப்பைத் தொடங்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. உண்டு, எம்.எஸ்சி. இயற்பியலும் உண்டு. செய்முறை வகுப்புகளுக்கு நேரில் போக வேண்டியிருப்பதால், விடுப்பை அதற்கேற்ப முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் முதலில் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாக, அறிவியல் பாடங்களோடு மேல்நிலைத் தேர்வை எழுதலாம். கல்லூரி ஆசிரியப் பணியை நாடுவோர், அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு இருந்தாலும், உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வரம்பில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நான்காண்டுப் பணி முடிக்கும் அக்னிவீரர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி இல்லை. மேற்சொன்ன சலுகைகளை அவர்கள் தமக்கு உரியவையாக எண்ணிவிடக் கூடாது.

இறுதியாக, கவனிக்கத் தவறினால் திரும்பப் பெற முடியாத ஒன்று. மத்திய அரசின் குடிமைப் பணியொன்றில் முன்னாள் படைவீரராகச் சேர்ந்துவிட்டால், ஒதுக்கீட்டுச் சலுகை அத்துடன் பயன்படுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். எனினும், சேருவதற்கு முன்பே வேறு பதவிகளுக்கு விண்ணப்பித்திருந்து, அந்த விண்ணப்பங்களின் விவரத்தைத் தேதிவாரியாகத் தாமே உறுதிமொழியாக எழுதி, சேர்ந்தவுடன் அலுவலகத்தில் கொடுத்திருந்தால், அடுத்த பணிக்கும் சலுகையைப் பெறலாம் என்று 2014 ஆகஸ்டில் பணியாளர் துறை ஆணை பிறப்பித்துள்ளது. ஆய்வகப் பணிக்கு விண்ணப்பித்துவிட்டு, அதற்குள் கிடைத்த எழுத்தர் பணியில் சேருபவர், அந்த உறுதிமொழியை இரு படிகளாக எழுதி, ஒன்றில் அலுவலகத்தின் பெறுகை முத்திரையைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.